மிளகும் பனங்கற்கண்டும் போகாத இடம்

ஜூன் மாதம் பள்ளி திறந்து மூன்றாவது வாரம் ஆகிவிட்டால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாசம் வந்துவிடும். மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை, அப்புறம் அந்த மெந்தால் மிட்டாய். யாராவது ஒருவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஜூலையில் அது மூன்று பேர் ஆகும். தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பதினாறு வருஷமாகத் தமிழ் எடுக்கிறேன், அதில் பதினைந்து வருஷம் நானும் இதை ஒரு சீசன் சமாச்சாரமாகத்தான் நினைத்திருந்தேன். தண்ணீர் மாறிப் போச்சு, ஃபேனுக்கு நேரே படுத்துவிட்டோம், ஐஸ் போட்ட மோர் குடித்துவிட்டோம், கட்டிக்கொண்டது, பத்து நாளில் சரியாகிவிடும். போன வருஷம் எனக்குக் கட்டியது சரியாகவில்லை. ஆயுத பூஜை போயிற்று, தீபாவளி போயிற்று. காலையில் ஓரளவு தெளிவாக இருக்கிற குரல் மூன்றாவது பீரியடில் கரகரத்து, சாயங்காலம் வெறும் காற்றாக வந்தது. போனில் புதிதாகப் பேசுகிறவர்கள் "சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தார்கள்.

கார்த்திகையில்தான் காரைக்குடியில் ஒரு இ.என்.டி. டாக்டரிடம் போனேன். மூக்கில் மரத்துப்போக ஸ்பிரே அடித்துவிட்டு, மெல்லிய குழாயில் கேமராவை உள்ளே விட்டு, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். கத்தரிக்கோலின் இரண்டு வாய் மாதிரி இரண்டு வெள்ளைப் பட்டைகள், மூச்சு இழுத்தால் விரிகின்றன, "ஈ சொல்லுங்க" என்றதும் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் முழுதாக ஒட்டவில்லை. இரண்டு பட்டையிலும் நேருக்கு நேர் ஒரே இடத்தில் கடுகு மாதிரி ஒரு மேடு இருந்தது, அந்த இரண்டு மேடும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, அதற்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி விழுந்து, மொத்தத்தில் ஒரு உடுக்கை படுத்திருப்பது போலத் தெரிந்தது. அந்த இடைவெளி வழியாகக் கசிகிற காற்றுதான் இத்தனை மாதமாக என் குரலில் கேட்டது. டாக்டர் சொன்னார்: "டீச்சர், இது சளி இல்லை. காய்ப்பு. மண்வெட்டி பிடிக்கிறவங்க கையில காய்க்குதில்ல, அதே காய்ப்பு."

அந்த ஒரு வார்த்தை எனக்கு எல்லாவற்றையும் மாற்றிப் போட்டது. குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் இந்தச் சீமையில் எத்தனை பேர் இருக்கிறோம்: ஆசிரியர்கள், ஓதுவார்கள், நாடகக்காரர்கள், பட்டிமன்றப் பேச்சாளர்கள், பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேரைக் கூவுகிறவர்கள், கானாடுகாத்தான் வீடுகளைச் சுற்றிக் காட்டுகிற கைடுகள், சிராவயல் மஞ்சுவிரட்டில் மைக் பிடித்து மாடு வரும்போதெல்லாம் கத்துகிறவர்கள். எல்லோரும் குரல் போவதை ஒரு நோய் தொற்றியது போல நினைக்கிறோம், அதனால் அதற்கு எதையாவது குடிக்கிறோம். அது வேலையில் பட்ட காயம் என்று யாரும் நினைப்பதில்லை. கொத்தனாருக்கு முதுகு போனால் வேலையால் போனது என்று உடனே சொல்கிறோம், டீச்சருக்குக் குரல் போனால் மட்டும் ஐஸ் மோரைக் கேட்கிறோம்.

குரல் எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இது ஏன் காயம் என்பது புரிந்துவிடும். கழுத்தில் கைவைத்தால் ஏறி இறங்குகிற குரல்வளைக்குள் இருக்கும் அந்தப் பட்டைகள்தான் குரல் நாண்கள். நாண் என்றதும் வீணைக் கம்பி போல நினைக்க வேண்டாம், இவை தசையும் அதன்மேல் போர்த்திய சவ்வுமான இரண்டு மடிப்புகள். பெண்களுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், ஒரு புளியங்கொட்டை அளவு. ஆண்களுக்கு இரண்டு சென்டிமீட்டர் சுமார். நுரையீரலிலிருந்து வருகிற காற்று மூடியிருக்கும் இந்த மடிப்புகளைத் தள்ளித் திறக்கிறது, திறந்ததும் அவை திரும்ப வந்து மூடிக்கொள்கின்றன, திரும்பத் திறக்கிறது. சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு இது வினாடிக்கு 100 முதல் 130 தடவை நடக்கிறது, பெண்களுக்குச் சுமார் 200 தடவை. நான் ஐந்து பீரியட் எடுக்கிற ஒரு நாளில், குரல் நிஜமாக ஒலிக்கிற நேரத்தை மட்டும் சேர்த்தால் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம், அது 7,20,000 மோதல். உள்ளங்கையை அத்தனை முறை தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த மோதலைத் தாங்குவதற்காகவே நாணின் மேல்பகுதி தனியாக அமைந்திருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974ல் இதை விளக்கினார்: உள்ளே கெட்டியான தசை, அதன்மேல் ஆறின ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கொழகொழவென்று ஒரு அடுக்கு, அதற்கும் மேல் மெல்லிய தோல். தசையின் மேல் அந்தத் தோல் வழுக்கிக்கொண்டு அலை போல ஓடுவதால்தான் குரல் இனிமையாக வருகிறது. அளவுக்கு மீறி மோதும்போது அந்தக் கொழகொழ அடுக்கில் நீர் கோக்கிறது. ராத்திரி ஓய்வு கிடைத்தால் வடிந்துவிடும். வடிவதற்குள் அடுத்த நாள் முதல் பீரியட் வந்துவிட்டால்? வீக்கத்தோடு மோதுகிறது, வீங்கினது கனக்கிறது, கனத்தால் குரல் தாழ்கிறது (என்னை "சார்" என்றது இதனால்தான்), தாழ்ந்த குரலைத் தூக்கிப் பேச இன்னும் அழுத்துகிறோம், அந்த அழுத்தத்தில் இன்னும் பலமாக மோதுகிறது. முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில்தான் மோதல் அதிகம், அங்கேதான் காய்ப்பு காய்க்கும். பெண்களுக்கு நாண் குட்டை, அதிர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆகவே இந்தக் காய்ப்பு பெண்களுக்கே அதிகம் வருகிறது. விளையாடும்போது கத்திக்கொண்டே இருக்கிற பையன்களுக்கும் வரும், அவர்களில் பலருக்கு மகரக்கட்டு உடைகிற வயதில் தானாகவே மறைந்துவிடும்.

இப்போது மிளகுப் பாலுக்கு வருகிறேன். எங்கள் ஆயா காலத்திலிருந்து குடித்து வளர்ந்த பண்டம், அதைக் குறைவாகப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் விழுங்குகிற எதுவும் குரல் நாண்களைத் தொடாது. விழுங்குகிற கணத்தில் குரல்வளை மேலே ஏறி, மூடி கவிழ்ந்து, நாண்களும் இறுக மூடிக்கொள்கின்றன. உணவு பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குள் போகிறது. தப்பித் தவறி ஒரு சொட்டு நாண்மேல் விழுந்தால் புரையேறி, கண்ணில் தண்ணீர் வர இருமுவோம். ஆக மிளகும் பனங்கற்கண்டும் இதமாக்குவது நாக்குக்குப் பின்னால் இருக்கிற தொண்டையை. எச்சில் ஊறும், எரிச்சல் அடங்கும், சூடு சுகமாக இருக்கும். அது உண்மையான சுகம்தான். காய்ப்பு இருக்கிற இடத்துக்கு மட்டும் அது போய்ச் சேருவதில்லை. சுகம் கிடைத்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி கத்தப் போகிறோம் பாருங்கள், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மெந்தால் மிட்டாயில் இது இன்னும் மோசம், ஜில்லென்று மரத்துப்போக வைத்து வலியை மறைக்கிறது. அதிமதுரத்தை நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொள்கிற பழக்கம் பாடுகிறவர்கள் பலருக்கு இருக்கிறது. தொடர்ந்து அதிகமாக எடுத்தால் அது உடம்பில் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தண்ணீரும் அப்படியே. மேடை ஏறுமுன் ஒரு செம்பு குடித்தால் நாண் நனைந்துவிடாது, அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, திசுக்களுக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருப்பதுதான் பலன் தரும். நேராக நாண்கள்மேல் படுவது நாம் இழுக்கும் காற்று மட்டுமே. அதனால் ஆவி பிடிப்பது நாணுக்கு ஈரம் கொடுக்கும், வெறும் வெந்நீர் போதும், தைலம் வேண்டாம், கொதிக்கிற பானையைக் குழந்தைகள் நடமாடுகிற இடத்தில் வைத்து ஆபத்தைத் தேடிக்கொள்ளவும் வேண்டாம். சாக்பீஸ் தூளும் சிகரெட் புகையும் அதே வழியில்தான் உள்ளே போகின்றன. ஜலதோஷத்துக்கு நாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்கிற பல மாத்திரைகள் மூக்கை உலர்த்துகிற வேகத்தில் நாணையும் உலர்த்திவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருக்கிற ஒருவரின் நாண்கள் பேசும்போது எப்படி அசைகின்றன என்பதைக் கண்ணாடியில் முதன்முதலில் தெளிவாகப் பார்த்து எழுதி வைத்தவர் ஒரு பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா, ஸ்பெயின்காரர். 1854ல் பல் வைத்தியர் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை உள்ளே திருப்பித் தன் குரல் நாண்களையே பார்த்தார், அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது வாசிக்கப்பட்டது. 101 வயது வரை வாழ்ந்தார். திரையில் என் நாண்களைப் பார்த்த அன்று ராத்திரி இதைப் படித்தேன், குரலால் வேலை செய்கிற ஒருவர்தான் முதலில் அங்கே எட்டிப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு பெருமை.

சரி, காயம் என்றால் ஏன் பட்டது? நான் இயல்பாகக் கத்துகிறவள் அல்ல. என் வகுப்பில் 45 பிள்ளைகள், பக்கத்து வகுப்புக்கும் எனக்கும் நடுவே ஆளுயரத் தடுப்புதான், அங்கே கணக்கு வாய்ப்பாடு ஓடினால் இங்கே என் குரல் தானாக ஏறும். தானாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். சத்தத்தின் நடுவே பேசுகிறவர் தனக்கே தெரியாமல் குரலை உயர்த்துவார் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எதியன் லொம்பார் 1911லேயே எழுதிவிட்டார். மனசு வைத்து அடக்குவது கஷ்டம், ஏனென்றால் உயர்த்துகிறோம் என்பதே தெரியாது. சத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது குரலைக் கருவியால் பெருக்க வேண்டும், வேறு வழியில்லை.

எங்கள் ஊர்க் கட்டடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் வளவு வீட்டில் முகப்பில் நின்றுகொண்டு இரண்டாம் கட்டுக்கு ஆள் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளுகிற வீட்டில் பேசுவதென்றாலே தொண்டையை விட்டுத்தான் பேசியாக வேண்டும். அதுபோக, சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடியாக மின்னும், தரையில் ஆத்தங்குடிக் கல், தலைக்கு மேலே உயரமான கூரை, எதுவும் ஒலியை உறிஞ்சாது, எல்லாம் திருப்பியடிக்கும். ஒரு கல்யாண வீட்டில் பட்டாலையில் இருபது பேர் உட்கார்ந்தால் இருபது பேரும் சத்தம் போட்டே பேசுவது இதனால்தான். பாயும் ஜமுக்காளமும் விரித்த இடத்தில் பேசிப் பாருங்கள், குரல் தானாக இறங்கும். எங்கள் வகுப்பறையும் வெறும் சிமெண்டும் கம்பி ஜன்னலும்தான். பின்சுவரில் பழைய கோணிச் சாக்கையும் பிள்ளைகளின் படங்களையும் சேர்த்துத் தைத்து மாட்டினோம். எதிரொலி நிச்சயம் குறைந்தது. கடைசி பெஞ்சைப் பார்த்துக் கத்துவதற்குப் பதில் கடைசி பெஞ்சுக்கு நடந்தும் போகிறேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அழுத்தம் பாதியாகிவிடும், பாதித் தூரம் நடந்தால் அத்தனையும் தொண்டைக்கு மிச்சம்.

இதைவிடப் பெரிய மாற்றம் மைக்கால் வந்தது. இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர், காதோரம் மாட்டுகிற மைக், மொத்தம் இரண்டாயிரம் ரூபாய்க்குள். முதல் நாள் மாட்டிக்கொண்டு போனபோது கூச்சமாக இருந்தது, பிள்ளைகள் பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கிறது என்றார்கள், மூன்றாம் நாள் அவர்கள் மறந்துவிட்டார்கள். இது ஏதோ என் ஒருத்தியின் அனுபவம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நெல்சன் ராய் என்பவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 2002ல் வெளியிட்ட ஆய்வில், குரல் கெட்டுப்போன 44 ஆசிரியர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மைக் கொடுத்தார்கள், ஒரு பிரிவுக்குத் தண்ணீர் குடி, செருமாதே, கத்தாதே என்ற அறிவுரைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு பிரிவுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் மைக் பிரிவுக்குக் குரல் தெளிவாகத் தேறியிருந்தது, அறிவுரைப் பிரிவில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. அதே ராய் குழு 2004ல் அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும் வேறு வேலை பார்க்கும் 1,288 பேரையும் விசாரித்தது. வாழ்நாளில் ஒரு தடவையாவது குரல் கோளாறு வந்தவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8. சரிபாதி. இந்த இரண்டு ஆய்வையும் நான் பிரிண்ட் எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன்.

பாடுகிறவர்கள் கதை கொஞ்சம் வேறு. எங்கள் பக்கம் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற நாடகங்களில் ராஜபார்ட்டை, அதாவது கதாநாயகனாகப் பாடி நடிக்கிறவரை, பற்றிப் பேசினால் முதலில் கேட்கிற கேள்வி "எத்தனை கட்டை?" என்பதுதான், எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று அர்த்தம். ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை என்றால் ஆண் குரலுக்கு ஆதார சட்ஜமே (பாட்டு நிற்கிற அடிப்படை ஸ்வரம்) வினாடிக்குச் சுமார் 196 அதிர்வு, மேல் சட்ஜத்தில் 392. தன் சாரீரம் இயல்பாக உட்காருகிற சுருதி நாலு கட்டையாக இருந்தும் கௌரவத்துக்காக ஐந்தில் பாடுகிறவர் ஒவ்வொரு ராத்திரியும் நாணை இழுத்து இறுக்கி மோதவிடுகிறார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட அது தேவைப்பட்டது. இப்போது மைக் இருக்கிறது, பழக்கம் மட்டும் மாறவில்லை. பேச்சு மேடையிலும் இதே கதைதான். சா. கணேசன் 1939ல் கம்பன் கழகம் தொடங்கி விழா எடுத்த ஊர், குன்றக்குடி அடிகளார் பட்டிமன்றத்தை வளர்த்த மண், இங்கே நல்ல பேச்சு என்றால் முழங்கும் பேச்சு என்று ஒரு எண்ணம் ஊறிவிட்டது. ஸ்பீக்கர் எல்லாம் சனங்களைப் பார்த்தே இருக்கும், பேசுகிறவருக்குத் தன் குரல் கேட்காது, கேட்காததால் இன்னும் கத்துவார். மேடைக்குத் திரும்பின மாதிரி ஒரு சின்ன பெட்டி வைத்தால் போதும், சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டால் வைப்பார், யாரும் கேட்பதில்லை.

எங்கள் அப்பச்சி தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிறவர். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற வழி. தை மாதப் பனியில் விடியுமுன்னே கிளம்பி, ரோட்டுப் புழுதியில் நடந்துகொண்டே பாடி, ஒவ்வொரு ஊர் எல்லையிலும் அரோகரா போட்டு, நத்தம் போய்ச் சேருவதற்குள் வருஷா வருஷம் குரல் போய்விடும். போனதும் கிசுகிசுவென்று பேச ஆரம்பிப்பார், குரலுக்கு ஓய்வு கொடுக்கிறாராம். நானும் அதுதான் சரி என்று நினைத்திருந்தேன். கிசுகிசுக்கும்போது பலர் குரல்வளையை இன்னும் இறுக்கிக்கொள்கிறார்கள், நாணுக்கு அது ஓய்வே இல்லை. பேசாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்ல, ஆனால் குரலோடு பேச வேண்டும். அப்புறம் அந்தச் செருமல். கோழை அடைத்த மாதிரி இருக்கிறதென்று "க்ர்ர்ம்" என்று செருமுகிறோமே, அது இரண்டு நாணையும் பிடித்து அறைகிற அறை. அறைந்தால் வீங்கும், வீங்கினால் மறுபடி அடைத்த மாதிரி இருக்கும், மறுபடி செருமுவோம். செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீரை விழுங்குவது எனக்குப் பழகவே இரண்டு மாதம் ஆயிற்று.

காலையில் எழுந்ததும் கரகரப்பு, வாயில் புளிப்பு, தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி என்றால் வயிற்று அமிலம் ராத்திரியில் மேலே ஏறி வந்து நாண்களைச் சுடுகிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே இது வரலாம். நாடகக்காரரும் பேச்சாளரும் நிகழ்ச்சி முடித்து ராத்திரி ஒரு மணிக்கு மிளகுச் சாறும் கறிக் குழம்புமாக வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறவர்கள். நம் செட்டிநாட்டுச் சாப்பாட்டை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்கிறேன், நிகழ்ச்சிக்கு முன்னே சாப்பிட்டுவிட்டுப் பின்னே இட்லியோடு முடித்துக்கொள்ளலாம்.

எனக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. காய்ப்புக்கு முதல் வைத்தியம் குரல் பயிற்சிதான், கத்தியை எடுப்பது அதற்குப் பிறகு. பயிற்சி இல்லாமல் வெட்டி மட்டும் எடுத்தால் பழைய பழக்கம் மறுபடி அதே இடத்தில் காய்க்க வைக்கும். ஒரு பக்கம் மட்டும் தொங்குகிற பாலிப் (சதை வளர்ச்சி) போன்றவற்றுக்கு வேறு கணக்கு, அதை டாக்டர் சொல்வார். பயிற்சி கொடுப்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். திக்குவாய்க்கும் பேச்சு வராத குழந்தைக்கும்தான் அவர்கள் என்று நினைத்திருந்தேன். இந்தப் படிப்புக்கென்றே மைசூரில் மத்திய அரசின் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965லிருந்து நடக்கிறது.

எனக்குப் பயிற்சி கொடுத்த ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு ஸ்ட்ரா. ஜூஸ் கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்ட்ரா. பாதி டம்ளர் தண்ணீரில் இரண்டு விரல் ஆழத்துக்கு நுனியை விட்டு, உதட்டால் கவ்விக்கொண்டு "ஊ" என்று குரல் கொடுக்க வேண்டும். தண்ணீர் குமிழி விட்டுக் கொப்பளிக்கும். கன்னம் தளர்ந்து அதிர வேண்டும், கழுத்து நரம்பு புடைக்கக் கூடாது, குமிழி சீராக வர வேண்டும். அதே "ஊ"வை மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகலாம், தெரிந்த ஒரு பாட்டின் மெட்டை அதிலேயே ஊதலாம். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முதல் தடவை எனக்கு ஆறு குமிழிக்கு மேல் வரவில்லை, காற்று எங்கோ நின்று போனது. ஒரு வாரத்தில் ஒரு மூச்சில் பதினைந்து வினாடி வந்தது. இது வேலை செய்கிற விதம் அழகானது: வாய்ப்பக்கம் வழி குறுகுவதால் உள்ளே காற்றழுத்தம் திரும்பி வந்து நாண்களை லேசாக விலக்கிப் பிடிக்கிறது, ஆகவே அவை அதிரும், ஆனால் அறைந்துகொள்ளாது. இங்கோ டிட்சே என்ற அமெரிக்க விஞ்ஞானி ஸ்ட்ராப் பயிற்சியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நம் பாட்டு வாத்தியார்கள் விடிகாலையில் மந்தர ஸ்தாயியில் (கீழ்க் குரலில்) வாயை மூடிக்கொண்டு "ம்" என்று சாதகம் பண்ணச் சொன்னதிலும் இந்த விஷயம் கொஞ்சம் இருக்கிறது. பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, வீடு திரும்பியதும் ஒரு தடவை என்று நாலு மாதம் விடாமல் செய்தேன். மறுபடி கேமரா விட்டுப் பார்த்தபோது ஒரு பக்க மேடு மறைந்திருந்தது, இன்னொன்று இருக்கிற இடம் தெரிந்தது, அவ்வளவுதான். உடுக்கை போய்விட்டது.

இவ்வளவும் காய்ப்பைப் பற்றி. கரகரப்புக்கு வேறு காரணங்களும் உண்டு, அதில் சில காத்திருக்காது. சளி காய்ச்சல் இல்லாமல் குரல் மாறி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், மருந்துக் கடையில் கேட்காமல் இ.என்.டி. டாக்டரிடம் போய்க் கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும். புகை பிடிக்கிறவர், புகையிலை போடுகிறவர் என்றால் இன்னும் சீக்கிரம். விழுங்க வலி, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சு இழுக்கும்போது சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே. நாணில் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறியே கரகரப்புதான், அது ஒரு விதத்தில் நல்லது, மற்ற இடத்துப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளரும்போது இது குரலிலேயே சொல்லிவிடுகிறது, அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மாறினால் அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பாடிக்கொண்டிருக்கும்போதே சடாரென்று குரல் அறுந்தால் நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், அடுத்த பாட்டு கிடையாது. கச்சேரிக்கோ நாடகத்துக்கோ முன்னால் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு மேடை ஏறுகிற வழக்கம் பற்றிக் கேள்விப்படுகிறேன், அது வீக்கத்தைத்தான் இறக்கும், காயத்தை ஆற்றாது, ஆறாத நாணை வைத்து மூன்று மணி நேரம் பாடினால் சேதம் இன்னும் கூடும். வலிக்கு ஆஸ்பிரின் போடுவதும் அப்படித்தான், ரத்தக் கசிவை அது எளிதாக்கும்.

போலந்து நாட்டில் ஆசிரியர்களின் குரல் காய்ப்பு தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. குறைந்தது 15 ஆண்டு குரலால் வேலை செய்திருந்தால் இழப்பீடு கேட்கலாம். நம் நாட்டில் பழைய 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இரைச்சலால் வரும் காது கேளாமை இருந்தது, குரல் இருக்கவில்லை. பி.எட். படிக்கும்போது பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், கரும்பலகையில் நேராக எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். நாள் முழுக்க எதை வைத்து வேலை செய்யப் போகிறோமோ அதைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் இதில்தான். ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வகுப்பு, பள்ளிக்கு நாலு மைக், தடுப்புக்குப் பதில் கூரை வரை ஒரு சுவர். பெரிய செலவு எதுவும் இல்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர், இருபத்தைந்து வயதுப் பெண், மதிய இடைவேளையில் என் மேஜைக்கு வந்து, "அக்கா, தொண்டை கட்டிருச்சு, மிளகு இருக்கா?" என்றாள். பாதி வார்த்தை காற்றாக வந்தது. மிளகு கொடுத்தேன். பையிலிருந்து புது ஸ்ட்ரா ஒன்றை எடுத்து அவள் டம்ளரில் போட்டேன், என்னுடையதை என் டம்ளரில் போட்டுக்கொண்டேன். "ஊன்னு ஊது, கன்னத்தை விடு, கழுத்தை இறுக்காதே" என்றேன். நாலு குமிழி வந்தது, நின்றது. மறுபடி ஊதினாள்.